டீக்கால்

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டே, தலை நிமிராமல், "பேண்ட்தானேக்கா?" என்றார். அது கேள்வியே இல்லை. பென்சில் அதற்குள் பாதி எழுதியிருந்தது.

"இல்லப்பா. ஸ்கர்ட். முட்டி வரைக்கும்" என்றாள் மைக் அக்கா.

பென்சில் நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கண் தன் பாட்டுக்கு அவளுடைய இடது காலுக்கு இறங்கியது. பார்த்துவிட்டோமே என்று பதறி மின்விசிறியைப் பார்த்தார். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் சீருடை தைப்பவர் அவர். யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது, யாருக்குத் தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. மைக் அக்காவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால் என்பதும் தெரியும். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் கேட்காமலே பேண்ட் என்று எழுதினார். நல்ல மனிதர்கள் நமக்காக முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருக்கிற விஷயங்களுக்குக் கணக்கே கிடையாது.

"ஸ்கர்ட்டுன்னா வெளியில தெரியுமேக்கா" என்றார் மெதுவாக.

"தெரியட்டும்னுதான். நீ அளவை எடு."

ஊரில் அவள் குரலைக் கேட்காதவர் கிடையாது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் தொடரும். ஆனால் அந்தக் குரலுக்குரிய முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம்பேர். வேலைக்கு ஆள் எடுத்தபோது திரைக்குப் பின்னால் நிற்கவைத்துக் குரலை மட்டும் கேட்டார்கள். பிடித்துப்போய், "யாரும்மா அது, வேலை உங்களுக்குத்தான், வெளியில வாங்க" என்று ஆசையாகக் கூப்பிட்டார்கள். திரையை விலக்கிக்கொண்டு ஒரு கறுத்த பெண் வந்து நின்றதும் அத்தனை பேருக்கும் வாயடைத்துப்போனது. அந்த நிலையத்தில் மேசை வேலை எல்லாம் வெள்ளைத் தோல்காரர்களுக்கு. நம் இனத்தார் மூட்டை தூக்கலாம், தண்டவாளம் கூட்டலாம். ஆனாலும் வாய்விட்டுச் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் வேலையைக் கொடுத்தார்கள். கூடவே மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையையும் கொடுத்தார்கள். குரலை எடுத்துக்கொண்டு ஆளைப் பூட்டிவைத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. சட்டம் மாறி வெகு நாளாகிவிட்டது, மேலதிகாரிகளும் ஒருவழியாக மாறியிருக்கிறார்கள். நடைமேடைப் பொறுப்பாளர் வேலைக்கு மைக் அக்காவை எடுத்துவிட்டார்கள். கொடி காட்டி வண்டியை அனுப்புகிற வேலை. நம்மவர்களில் அந்தக் கொடியைக் கையில் பிடிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். பெண்களுக்கு நீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. விருப்பப்பட்டால் பேண்ட். திங்கட்கிழமை முதல் நாள்.

இதில் தகராறு என்னவென்றால், மைக் அக்கா கறுப்பு, அவளுடைய இடது கால் ரோஸ்.

வளர வளர எத்தனையோ கால்கள் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரோஸ்தான். உள்ளே குழாய், அதைச் சுற்றிக் கெண்டைக்கால் வடிவத்தில் செதுக்கிய பஞ்சு, அதன்மேல் விரல் நகம் வரைக்கும் அச்செடுத்த மெல்லிய ரப்பர் உறை. அந்த உறை வருகிற பெட்டியின்மேல் 'தோல் நிறம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். யாருடைய தோல் என்று போட்டிருக்க மாட்டார்கள்.

கால் போன கதையை அவள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு வாசலிலேயே சரக்கு வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. அப்பா அவளை வாரி எடுத்துக்கொண்டு தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அது வெள்ளைத் தோல்காரர்களுடைய ஆஸ்பத்திரி. வாசல் காவலாளி கதவைத் திறக்கவில்லை. "உங்களுது ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று கையை மட்டும் நீட்டிக் காட்டினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் காலைக் காப்பாற்றுகிற நேரம் கடந்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று அங்கிருந்த டாக்டர் சொன்ன வார்த்தை அப்பாவைக் கடைசிவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. தான் மெதுவாக ஓடிவிட்டதாகவே அந்த மனிதர் நினைத்துக்கொண்டு செத்தார்.

முதலில் கொடுத்த கால் புதுசு இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் பிள்ளைகள் போட்டு, வளர்ந்து, பத்தாமல் போனதும் கழற்றிப் போட்ட கால்கள் மூட்டையாக அந்தப் பக்கம் போகும். அந்த மூட்டையிலிருந்து பொறுக்கிக் கொடுத்த கால். உள்பக்கத்தில் யாரோ ஒரு பெண் குழந்தை தன் பெயரைப் பேனாவால் எழுதிவைத்திருந்தாள். கறுத்த பிள்ளைக்கு ரோஸ் கால். பாவாடைக்குக் கீழே அது தனியாக வேறு எங்கோ நடந்துபோவதுபோல் இருக்கும்.

அம்மாதான் டீயைக் கண்டுபிடித்தாள். தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சாறு இறக்கி, ஒரு வெள்ளைக் காலுறையை அதில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, பிள்ளையின் வலது காலுக்குப் பக்கத்தில் வைத்துவைத்துப் பார்த்து, ஒருவழியாக அதே நிறத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அதை இழுத்து ரோஸ் காலின்மேல் மாட்டிவிட்டுத் தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எம் பொண்ணுக்கு ரெண்டு காலும் ஒரே கால்." அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. ஆனால் டீ சாயம் இல்லை என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூட அணிவகுப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டது. வரிசை நடுவில் பிள்ளை நிற்கிறாள், காலிலிருந்து பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கி வெள்ளை ஷூவுக்குள் போகிறது. ஒருத்தி பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள், அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. "சக்கரை போட்டாச்சா?" என்று கேட்டது ஒரு குரல். அன்றைக்கு விழுந்த பெயர்தான் டீக்கால். பள்ளிக்கூடம் முடிகிறவரை அவளுக்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது.

அம்மா அந்த ஷூவைத் தேய்தேய் என்று தேய்த்தாள். கறை போகவில்லை. அதற்கப்புறம் அம்மா டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அம்மாவுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இதுதான் மைக் அக்காவின் கால் வரலாறு. இப்போது பழைய கால் விரிசல் விட்டு, செயற்கைக் கைகால் மையத்தில் புதிது செய்துகொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மையம்தான். இப்போது எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே பெஞ்சு, ஒரே டோக்கன். சுவரில் எல்லா நிறத்துக் குழந்தைகளும் கைகோத்துச் சிரிக்கிற படம்கூட மாட்டியிருக்கிறார்கள். குழாய் பொருத்தி, பஞ்சு செதுக்கி, நடைப்பயிற்சியும் முடிந்தது. உறை மட்டும்தான் பாக்கி.

"கறுப்பு உறை நம்மகிட்ட இல்லம்மா" என்றார் இன்சார்ஜ் மேடம். எப்போதும் சிரித்த முகம். "வெளியில சொல்லி வரவழைக்கணும். அதுக்கு மருத்துவத் தேவைன்னு காட்டணும். இது தோற்றம் சம்பந்தப்பட்டதுதானே. நடக்கறதுக்கும் கலருக்கும் சம்பந்தம் இல்லையே."

"சம்பந்தம் இல்லைன்னா எல்லாருக்கும் வெறும் குழாயோட விட்டுடலாமே மேடம். ரோஸ் எதுக்குப் போடறீங்க?"

இன்சார்ஜ் மேடம் அதே சிரிப்போடு யோசித்தார். "அது வழக்கமாப் போடறதும்மா" என்றார்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த கேப்டன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைத் தோல்காரர், சர்க்கரை வியாதியில் போன வருஷம் காலை இழந்தவர். சிவந்த முகம், வெள்ளை மீசை, சட்டைப் பையில் எந்நேரமும் பிஸ்கட். நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவில் முதல்நாள் அவர் தடுமாறி விழப்போனபோது பிடித்துக்கொண்டது மைக் அக்காதான். அன்றிலிருந்து ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை அவளுக்குக் கொடுக்காமல் சாப்பிடமாட்டார்.

"விடும்மா" என்றார் அன்பாக. "கால் நடந்தாப் போதாதா? கலர்ல என்னம்மா இருக்கு. கப்பல்ல நான் எல்லா நிறத்து ஆளுங்களோடயும் ஒரே மேசையில சாப்பிட்டவன். இதையெல்லாம் மனசுல போட்டு உழப்பிக்கக் கூடாது."

அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் மைக் அக்காவுக்குத் தாங்கவில்லை. திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம், தடவிக்கொடுத்துச் சொல்கிறவருக்கு என்ன சொல்வது? பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் உறை ஏற்றுகிறவர் நம்மவர்தான். பிசின் வாடையோடே பிறந்தவர்போல இருப்பார், அதனால் பிசின் அண்ணன். மைக் அக்கா பட்டறைக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அவர் ஒரு தோல்வாரைத் தைப்பதற்காக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கண்ணாடிகூட இல்லாமல், ஒரே தடவையில்.

"அண்ணே, நிஜமாவே கறுப்பு இல்லையா?"

பிசின் அண்ணன் இன்சார்ஜ் மேடத்தின் அறையைப் பார்த்தார். அப்புறம் மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "திங்கக்கிழமையா தங்கச்சி டூட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"வெள்ளிக்கிழமை உறை போடற நாள். காலையிலேயே வந்து டோக்கன் போட்டுடு" என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெஞ்சில் மைக் அக்கா, முழங்கைக்குக் கீழே செயற்கைக் கை வாங்க வந்திருந்த ஒரு கொத்தனார், முகத்தில் சிடுசிடுப்பு மாறாத ஒரு டீச்சர், இன்னும் சிலர், கடைசியில் கேப்டன். கொத்தனாரும் டீச்சரும் நம்மவர்கள். கொத்தனாரின் பழைய கையும் ரோஸ்தான், அதை அவர் எந்நேரமும் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். டோக்கன்படி மைக் அக்காதான் முதல். ஆனால் பிசின் அண்ணன் திரையை விலக்கித் தலையை நீட்டி, "கேப்டன் சார், நீங்க வாங்க" என்றார்.

மைக் அக்காவுக்குச் சுருக்கென்றது. அண்ணனுமா? கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டாள். எழுந்து கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாம், பெரியவர் போகட்டும் என்று அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கிக்கொண்டதற்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து கேப்டனின் கதை கேட்டுக்கொண்டிருந்தது. நடுக்கடலில் சமையற்காரன் மயங்கி விழுந்து, மாலுமிகள் எல்லாரும் பசியோடு கேப்டனையே அடுப்படிக்குள் தள்ளிய கதை. பிசின் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வேண்டுமளவுக்கு மேலேயே சிரித்தார் என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. கதை முடிகிற இடத்தில் உறையும் ஏறி முடிந்தது. கேப்டன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, இன்னும் சிரித்தபடி, நடைக் கம்பிகளுக்கு நடுவில் வந்து நின்றார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. ஓரடி வைத்தார், இரண்டாவது அடி வைத்தார், தலையைத் தூக்கிப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

கண்ணாடிக்குள் ஒரு சிவந்த காலும் ஒரு கறுத்த காலும் நின்றன.

"இது யாரோட கால்?" என்றார் கேப்டன். அப்புறம் சத்தம் ஏறியது. "இது என் கால் இல்ல. எடுங்க இதை. மொதல்ல எடுங்க. இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வெளியில தலைகாட்டறது?"

இன்சார்ஜ் மேடம் அறைக்குள்ளிருந்து ஓடிவந்தார். அந்தச் சிரிப்பில்லாத முகத்தை அன்றைக்குத்தான் கூடம் பார்த்தது. "சார், சார், தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணும். இது மனசை எவ்வளவு பாதிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? இப்பவே மாத்திடறோம். இதுதான் மொத வேலை." பிசின் அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியலைங்க மேடம்" என்றார் பிசின் அண்ணன், பால்வடிகிற முகத்தோடு. "கண்ணாடி வேணும்னு நானும் கேட்டுட்டே இருக்கேன். மாடிப்படிக்கு அடியில இருட்டு வேற. அங்க அடுக்கி வெச்சிருக்கற பெட்டியில எது கைக்கு வந்துச்சோ அதை எடுத்துட்டேன்."

கூடம் மொத்தமும் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டது. மாடிப்படிக்கு அடியில். அடுக்கி வைத்திருக்கிற பெட்டி.

மைக் அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறம். குதிகால், கணுக்கால், விரல் நகத்தின் ஓரம்கூட அவள் நிறம். இல்லை என்று சொன்ன நிறம். சரக்கு வரும்போதெல்லாம் இதுவும் சேர்ந்தே வந்திருக்கிறது, இறக்கி இறக்கி இருட்டில் அடுக்கியிருக்கிறார்கள். திறந்தால் எல்லோரும் கேட்பார்கள், திறக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மாடியறையில் மைக் முன்னால் உட்கார்ந்து மூச்சை இழுப்பதுபோல் ஒருதரம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காத்திருப்போரின் கனிவான கவனத்திற்கு."

கூடம் மொத்தமும் நிமிர்ந்தது. எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். தினமும் காதில் விழுகிற குரல். "அட, ஸ்டேஷன்ல பேசறவங்க" என்றார் கொத்தனார்.

"மையத்தில் இல்லையென இதுவரை அறிவிக்கப்பட்டு வந்த கறுப்பு நிற உறைகள், மாடிப்படிக்கு அடியில் உள்ள பெட்டிகளில் இருப்பதாகத் தெரியவருகிறது. தேவைப்படுவோர் டோக்கன் வரிசைப்படி வந்து பெற்றுக்கொள்ளலாம்."

எல்லோரும் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் சிடுசிடு டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு ரெண்டாவது டோக்கன்" என்றார். கொத்தனார் கால்சட்டைப் பையிலிருந்து ரோஸ் கையை வெளியே எடுத்தார். "கைக்கு இருக்குமாங்க?"

"அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. உக்காந்து பேசிக்கலாம்" என்றார் இன்சார்ஜ் மேடம், குரலைத் தாழ்த்தி.

"உள்ள வேண்டாம் மேடம். ஜன்னல் இல்லாத ரூம்லயே பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு. இங்கயே சொல்லுங்க. சாருக்குக் கலர் மாறினா மனசு பாதிக்கும், அது மொத வேலை. எனக்கு மாறினா அது தோற்றம். அப்படித்தானே?"

இன்சார்ஜ் மேடத்துக்கு முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை அவர். வழக்கம் என்று ஒன்று இருக்கும்போது கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. "சரிம்மா" என்றார் கடைசியில், "சாருக்குக் கழட்டறதை உங்களுக்கே போட்டுவிடச் சொல்றேன். சரிதானே?"

"கழட்டிப் போட்டது எனக்கு வேண்டாம்." மைக் அக்காவின் குரல் இப்போதுதான் நடுங்கியது. "சின்ன வயசுல அதுதான் போட்டேன். யாரோ ஒரு பொண்ணோட பேரைக் காலுக்குள்ள வெச்சுக்கிட்டு நடந்தேன். புதுப் பெட்டியப் பிரிங்க. எனக்குன்னு எடுங்க."

பிசின் அண்ணன் அதற்குமேல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்து பெட்டி தரையில் கரகரவென்று இழுபட்டு வந்தது. ஒட்டுநாடாவைக் கிழித்தார். கறுப்பில் எத்தனை கறுப்பு. மாநிறம், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது, அடுப்புக்கரி மாதிரி ஒன்று. ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பதுபோல் டீச்சர் ஒன்றை எடுத்துத் தன் முழங்காலோடு வைத்துப் பார்த்தார். சிடுசிடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"மொதல்ல சாருக்கு மாத்திட்டு..." என்று ஆரம்பித்தார் இன்சார்ஜ் மேடம்.

"டோக்கன் மேடம்" என்றாள் மைக் அக்கா. "சாருது கடைசி."

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளை விரித்து அந்தக் காலின்மேல் போட்டு மூடியிருந்தார். மைக் அக்கா அவருக்கு எதிரே போய் நின்றாள். இத்தனை நாள் பிஸ்கட் கொடுத்த கை அது, அதை அவள் மறக்கவில்லை. ரயில் தாமதத்தை அறிவிக்கிற அதே நிதானத்தில் சொன்னாள்.

"கலர்ல என்ன இருக்குன்னு கேட்டீங்களே சார். நீங்க ஒரு நிமிஷம் பார்த்தீங்க. நான் நாப்பது வருஷமாப் பார்த்துட்டு இருக்கேன்."

கேப்டனின் மீசை அசைந்தது. சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்று திரும்பி வந்தது. யாரையும் பார்க்காமல், "வரிசைப்படியே நடக்கட்டும்" என்றார்.

பவுடர் தூவி, காலுறை ஏற்றுவதுபோல் உருட்டி உருட்டி ஏற்றினார் பிசின் அண்ணன். கணுக்காலில் ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். மைக் அக்கா கண்ணாடி முன்னால் போய்ப் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கால்களும் அக்கா தங்கை மாதிரி நின்றன. அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை. கூடமே பார்க்க மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "கண்ணாடி இல்லாம ஊசி கோக்கற கண்ணுக்குப் பெட்டி தெரியலையா?"

"கிட்டத்துல நல்லாத் தெரியும் தங்கச்சி. தூரந்தான் தெரியாது. பெட்டி தூரமா இருந்துச்சு" என்றார் பிசின் அண்ணன், பவுடர் டப்பாவை மூடியபடி.

அவள் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். கேப்டன் முறை இன்னும் வரவில்லை. செய்தித்தாள் மடிக்கப்பட்டு அவர் மடியில் இருந்தது. கறுத்த பாதத்தில் ஷூவை மாட்டி, குனிந்து, மெதுவாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா காலைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "நான் போட்டதைவிட ஒரு பங்கு சிவப்பு ஜாஸ்தி" என்றாள். அப்புறம் முந்தானை ஓரத்தைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, கணுக்காலில் வைத்துத் தேய்த்தாள். முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மறுபடி நனைத்தாள், இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"அம்மா, இது போகாதும்மா. ரப்பர்லயே கலந்த நிறம்."

"நீ சொல்லுவடி. மழையில பார்த்தாத்தான் நம்புவேன்."

திங்கட்கிழமை காலையில் வானம் அம்மாவின் பேச்சைக் கேட்டதுபோல் மூடிக்கொண்டு நின்றது. மாடியறையில் புதிதாக வந்திருந்த பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் கொஞ்சம் அவசரமாக ஒலித்தது. ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைக்கவேண்டும் என்று மைக் அக்கா ஏற்கெனவே கேட்டாயிற்று. நடைமேடை முழுக்க ஜனம். நீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை, கையில் கொடி. முதலில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் பார்த்தார்கள். ஒருவர் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று ஒரு சலாம் வைத்தார். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஸ்கர்ட்டின் விளிம்பு நேராக விழுகிறதா என்பதைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

அம்மாவும் வந்திருந்தாள். மகள் இத்தனை காலம் வேலை பார்த்த இடத்துக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல்முறை. கையில் குடை, ஒரு பை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வருகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. கூரை இருந்தும் பிரயோஜனமில்லை, காற்று சாய்த்துச் சாய்த்து அடித்தது. ஜனம் எல்லாம் பின்னால் ஒதுங்கியது. மைக் அக்கா நடைமேடை விளிம்பில் தன் இடத்தை விட்டு நகரவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கொடியை உயர்த்தி அசைத்தாள். அவள் கை சொன்னதும் அத்தனை நீள வண்டி மறுபேச்சில்லாமல் கிளம்பியது. மழைத் தண்ணீர் முழங்காலிலிருந்து இரண்டு கால்களிலும் ஒரேமாதிரி வழிந்தது.

அம்மா வண்டியைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இடது கால் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்தாள். அப்புறம் எழுந்து, குடையை விரிக்காமலே, மழைக்குள் நடந்து மகளிடம் வந்தாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியைத் திருகி, மூடியிலேயே ஊற்றினாள். ஆவி பறந்தது.

"என்னம்மா இது?"

"டீ. காலையில போட்டேன்." தான் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கினாள். மிச்சத்தை மகளிடம் நீட்டினாள். "குடிடி. டீன்னா குடிக்கறதுக்குத்தான்."

மைக் அக்கா கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மழைத்துளி அதற்குள்ளும் விழுந்தது. கீழே, தேங்கிய தண்ணீரில், இரண்டு வெள்ளை ஷூக்கள் வெள்ளையாகவே நின்றிருந்தன.